பேஜார் பண்ணினவள்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வியைப் போட்டாள். "பேஜார் பேஜார்னு வாய் ஓயாம சொல்றோமே, அது இன்னா வார்த்தைடி? எங்கேர்ந்து வந்துச்சு?" வெளிநாட்டில் இருக்கும் பேரன் கேட்டானாம், இவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். பத்து நிமிடத்துக்குள் குழு கலகலத்துவிட்டது. ஒருத்தி அது பஜாரிலிருந்து வந்தது என்றாள். கடைத்தெரு என்றால் தள்ளுமுள்ளும் கூச்சலும் இருக்குமாம், அதனால் பேஜாராம். இன்னொருத்தி அது அசல் சென்னைச் சொல் என்று அடித்துப் பேசினாள். மகன் வீடு சென்னையில் இருப்பதால் அவளுக்கு எல்லாமே சென்னைதான். காலை வணக்கப் படத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனால்கூடச் சண்டைக்குப் போகிற நான் மட்டும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று சிலர் தனியாக விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பதில் தெரியும், அதுதான் கஷ்டம்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஜார் உருதுச் சொல். உருதுவுக்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அது ஒருவருடைய மனநிலையைச் சொல்கிறது: சலித்துப்போவது, வெறுத்துப்போவது, எதிலும் ஒட்டாமல் மனசு மூடிக்கொள்வது. நம் ஊர்ப்பக்கம் உருது பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்ததில் அது நம் வாய்க்கு வந்தது. வந்த பிறகு நாம் அதை நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டோம். பஸ் வராவிட்டால் பேஜார், கரண்ட் போனால் பேஜார், மேலதிகாரி பேஜார், மருமகள் பேஜார்.

முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். "பக்கத்து பெட்டுக்காரன் ஒரே பேஜார் பண்றான் சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால் பக்கத்துப் படுக்கைக்குப் போவேன். மேல்விஷாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் "மனசு பேஜாரா கீதும்மா" என்றபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இந்த வித்தியாசத்தை எனக்கு எந்த அகராதியும் சொல்லித்தரவில்லை. ஆம்பூரில் பக்கத்து வீட்டு பாபி சொல்லித்தந்தாள். அவளுக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போன என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா தோல் ஷாப்பில் கிளார்க். அம்மா மிஷன் பள்ளியில் டீச்சர். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்குப் பெரியவரான அம்மாவை, எல்லாரையும் போல நானும் காலா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். அவருடைய மருமகள்தான் பாபி; உருதுவில் அண்ணி என்று அர்த்தம். பாபியின் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துத் திரும்பிப் போவார். பாபிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அன்றைக்கு எனக்கு அவள் பெரிய மனுஷி. இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது என்று இப்போது கணக்குப் பார்த்தால் தெரிகிறது. என் கடைசி மகளைவிடச் சின்னவள். அதனால்தான் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அந்த வருஷம் பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. நான் இந்திப் பரீட்சை எழுத வேண்டும். பஜார் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒரு சார் இந்தி சொல்லிக்கொடுத்தார். பொட்டைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. காலாவிடம் போய்க் கேட்டார். "பாபிய கூட அனுப்புங்கம்மா. இவளுக்கும் பேசிப் பேசி இந்தி வரும், பாபிக்கும் கொஞ்சம் காத்தாட இருக்கும். நான் பொறுப்பு." காலா கொஞ்சம் யோசித்தார். அந்த வீட்டுப் பெண்கள் தனியாக வெளியே போவதில்லை, ஒரு குழந்தையாவது துணைக்கு வேண்டும். எனக்குத் துணை பாபி, பாபிக்குத் துணை நான். "டீச்சரம்மா கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா" என்று அனுப்பிவைத்தார்.

நாலரை மணிக்குக் கிளம்புவோம். பாபியின் புர்காவில் எப்போதும் சூட்கேஸுக்குள் வைத்த துணியின் வாசனை அடிக்கும். தெருக்கோடியில் தோல் ஷாப்பின் மதில் வரும். அங்கே மட்டும் அவள் மூக்கை மூடிக்கொள்வாள். வாலாஜாபேட்டையிலிருந்து வந்தவள், ஆறு வருஷத்திலும் பழகவில்லை. எங்களுக்கு அது வாசனையே இல்லை. மதில் ஓரம் சாக்கடை ஒருநாள் நீலமாகவும் ஒருநாள் காவியாகவும் ஓடும். இன்றைக்கு என்ன கலர் என்று வீட்டிலேயே பந்தயம் கட்டிக்கொண்டு வருவோம். எப்போதும் அவள்தான் தோற்பாள். வேண்டுமென்றே தோற்றாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாடியில் இந்தி வகுப்பு. அதற்கு நேர் கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். முதல் இரண்டு நாள் பாபி கீழே பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். மூன்றாம் நாள் நான் இறங்கி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு மிஷின் முன்னால், புர்காவின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பாபி ஏ எஸ் டி எஃப் அடித்துக்கொண்டிருந்தாள். வாலாஜாபேட்டையில் அவளுடைய அப்பா கோர்ட்டு வாசலில் மனு எழுதிக்கொடுப்பவர். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் நம்மூர் முஸ்லிம் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தார். லோயர் பாஸ் பண்ணினால் அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். லோயர் என்றால் டைப்ரைட்டிங்கில் முதல் பரீட்சை. ஆகஸ்ட் கடைசியில் எழுத வேண்டும்.

"வூட்ல சொல்லாத பேட்டி," என்றாள் அன்றைக்குத் திரும்பி வரும்போது. மகளே என்பதற்கு அவர்கள் பேட்டி என்பார்கள். "அத்தைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

"ஏன், திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்க. வெறுங்கையோட போயி கேட்டா, எதுக்கும்மா உனக்கு இதெல்லாம்னு சொல்லுவாங்க. சர்டிபிகேட்ட கையில வெச்சுக்கிட்டு சொன்னா, சந்தோஷம்னு சொல்லுவாங்க. ரெண்டும் அதே ஆளுங்கதான்."

நான் சத்தியம் பண்ணினேன். பைபிள் மேல் சத்தியம் பண்ணக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் இந்திப் புத்தகத்தின் மேல் பண்ணினேன்.

அந்த மூன்று மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. ஒரு பெரிய மனுஷியின் ரகசியம் என் கையில் இருந்தது. நடந்து வரும்போது என் தோளில் கை போட்டு விரல்களால் தட்டிக்கொண்டே வருவாள். என்ன எழுத்து என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி அடித்த தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதே, என்னிடம் கொடுத்துவிடுவாள். ஒரே வரி முப்பது தடவை அடித்த தாள்கள், ரிப்பன் மை வாசனையோடு. நான் அவற்றை வைத்து என் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். மிச்சத்தை அலமாரித் தட்டில் விரித்து டப்பாக்களை அடுக்கிய அம்மா, இது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. இன்று அதில் ஒரு தாள்கூட என்னிடம் இல்லை.

பேஜார் பற்றிய பாடம் நடந்ததும் அந்த வழியில்தான். பெண்பால் ஆண்பால் மாறிப்போனதற்கு இந்தி சார் என்னை நிற்கவைத்திருந்தார். "சார் ஒரே பேஜார் பாபி," என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சார் எப்படி பேஜார் ஆவாரு? சாரால நீதான் பேஜார் ஆவுற. அது மனசுக்கு வர்றது. உங்க ஆளுங்க எங்க வார்த்தைய வாங்கிட்டுப் போயி அடுத்தவன் தலையில கட்டிட்டீங்க."

"உங்க வார்த்தைன்னா அது எப்படி இருக்கும்?"

"எப்படின்னா... காலைல எழுந்திருப்ப. பாத்திரம் கழுவணும், கழுவுவ. துணி மடிக்கணும், மடிப்ப. யாரும் ஒண்ணும் சொல்லலை. யாரும் அடிக்கலை. ஆனா சாயங்காலம் எதுக்கு வருதுன்னு இருக்கும். அது பேஜார்."

"நீங்க பேஜாரா இருக்கீங்களா பாபி?"

"இருந்தேன். இப்ப நாலரை மணி ஆனா இல்ல."

எனக்கு அது புரிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த நாலரை மணியில் நானும் இருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. அதில் பெருமை தலைக்கேறிவிட்டது.

ஆகஸ்ட் வந்தது. பாபி மாறிவிட்டாள். வழியில் சாக்கடைப் பந்தயம் இல்லை, தோளில் விளையாட்டு இல்லை. வேகம் போதவில்லை என்று இன்ஸ்டிடியூட் மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் வகுப்பு முடிந்து வந்தாலும் இன்னும் பத்து நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று அடித்துக்கொண்டே இருப்பாள். முன்பெல்லாம் கடைசியில் என் பெயரை ஒரு தடவை அடிக்க விடுவாள். இப்போது அதுவும் இல்லை. ஒரு புதன்கிழமை நான் பிடிவாதம் பிடித்தேன். "ஒரே ஒரு வாட்டி பாபி." "அப்புறம் பேட்டி." "ஒரே ஒரு வாட்டி." அவள் தாளை மாற்றத் திரும்பிய நேரத்தில் இரண்டு கைகளையும் விரித்து எல்லாக் கட்டைகளின் மேலும் ஓங்கி அமுக்கினேன்.

எழுத்துக் கம்பிகள் எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. மாஸ்டர் ஓடி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஈ எழுத்துக் கம்பி வளைந்துவிட்டது. அடித்தால் வரியை விட்டுக் கீழே இறங்கி விழுந்தது. "இந்த மிஷின்தானேம்மா பரீட்சைக்கு உங்களுக்கு ஒதுக்கி வெச்சிருக்கேன்," என்றார் மாஸ்டர். பாபி அந்த ஈ எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும், எங்கள் தமிழில், எங்கள் அர்த்தத்தில் சொன்னாள்: "பேஜார் புடிச்ச பொண்ணு! உன்ன கூட்டிக்கிட்டு வர்றதே ஒரு பேஜார்."

பெஞ்சில் இருந்த காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் படியேறும்போது ஒருத்தி "ஏய், பேஜார் வந்துடுச்சு" என்றாள். மாஸ்டர் அந்தக் கம்பியை அன்றே நிமிர்த்திவிட்டார். பாபியும் வழியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுத்து, "கோவத்துல சொல்ட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றாள். நான் மிட்டாயைத் தின்றேன், மனசிலும் வைத்துக்கொண்டேன்.

இப்போது நம் ஜெபக்கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப்பேர் அதில் முட்டி போட்டு வலி கண்டவர்கள்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் சபைப் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பாட்டு, வேத வாசிப்பு, அப்புறம் ஜெபக்குறிப்பு. யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, ஆயரின் மனைவி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். இன்னார் மகளுக்கு மூன்றாவது வரனும் தட்டிப்போச்சு, ஜெபிப்போம். இன்னார் வீட்டுக்காரர் மறுபடியும் குடிக்கிறார், ஜெபிப்போம். சும்மா சொன்னால் வம்பு. கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சொன்னால் அடுத்தவருக்காகச் சுமக்கிற பாரம். அந்த வித்தியாசம் பதினொரு வயதில் எனக்கு நன்றாகவே தெரியும். அங்கே சொன்னதற்காக யாரும் யாரையும் திட்ட முடியாது என்பதும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். பாபிக்குப் பரீட்சை அடுத்த சனிக்கிழமை. ஆயரம்மா கடைசியில் என்னைப் பார்த்து, "பாப்பா, உனக்கு ஏதாவது ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்டார். இந்திப் பரீட்சை என்று சொல்வேன் என எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பக்கத்து வீட்டு பாபி டைப்ரைட்டிங் பரீட்சை எழுதுறாங்க. அவங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அவங்க பாஸாகணும்னு ஜெபிங்க."

இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. அதைச் சொல்லத்தான் மற்ற இரண்டையும் சொன்னேன். குழந்தை, தெரியாமல் சொல்லிவிட்டது என்று என்னை நானே பல வருஷம் சமாதானப்படுத்திப் பார்த்தேன். தெரிந்துதான் சொன்னேன். பேஜார் யார் என்று பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

ஆயரம்மா பாபியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பன்னிரண்டு பெண்கள் பாபியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு ஜெபித்தார்கள். அம்மா மட்டும் ஆமென் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு அம்மா என்னைத் துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பொறுப்புன்னு சொல்லித்தானேடி அந்தப் பொண்ண கூட்டிக்கிட்டு போகச் சொன்னேன். நானும் சேர்ந்து மறைச்சேன்னு நெனப்பாங்களே." அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "வெளியாள் வாயால போறதுக்கு முன்னாடி நாமளே போய் சொல்லிடறது மரியாதை." அம்மாவுக்கு அது சரியென்று பட்டது. நேர்மையான மனுஷி, நேர்மையாக ஒரு தப்பு பண்ணினார். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா ஆயரம்மாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். எங்கள் இரண்டு வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். துணி எடுக்கிற மாதிரி நான் அங்கே போய் நின்றேன்.

யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு அம்மா முழுவதையும் சொன்னார். காலா குறுக்கே பேசவில்லை. அம்மா பயந்துபோய், சமாதானமாக இருக்கட்டும் என்று மேலும் ஒன்று சொன்னார்: "நாங்க எல்லாரும் அவங்க பேர சொல்லி ஜெபம் பண்ணியிருக்கோம்மா. கண்டிப்பா பாஸாயிடுவாங்க."

அதற்குத்தான் காலாவின் குரல் வந்தது. "பாஸாகட்டும்மா. படிக்கறது குத்தமா? ஆனா எங்க வூட்டு விஷயம், எங்க வூட்ல சொல்றதுக்கு முன்னாடி உங்க ஜெபத்துல வந்துடுச்சே டீச்சரம்மா."

பாபி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையெல்லாம் மாவு. என் பக்கம் பார்த்தாள். நான் காயாத துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அந்த வாரம் முழுக்க நான் தனியாகத்தான் இந்தி வகுப்புக்குப் போனேன். அதற்குள் தெரு தன் வேலையைச் செய்துவிட்டது. பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு வீட்டில் சொன்னார்கள். அவளுக்காக ஜெபித்தார்கள் என்பது செவ்வாய்க்கிழமை அவளும் ஜெபத்துக்குப் போகிறாளாம் என்று ஆனது. வியாழக்கிழமைக்குள், அந்த இந்தி வகுப்பே சும்மா, சாயங்காலம் அவள் போவது சர்ச்சுக்குத்தான் என்று ஆகிவிட்டது. குழாயடியில் காலாவிடம் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். காலா குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாபியின் வீட்டுக்காரர் தொழுகை முடிந்து வந்த பிறகு பின்கட்டில் பேச்சு நடந்தது. உருதுவில் பேசினார்கள். மூன்று மாதம் படித்த இந்தி எனக்கு முதல்முறையாக உதவியது. அவர் சத்தம் போடவில்லை. பரீட்சைதானே, எழுதினால் என்ன என்றுகூடச் சொன்னார். பிறகு அவரே, இப்போது வேண்டாம், ஊர் வாய் அடங்கட்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி வைப்பார்கள் இல்லையா, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. பாபியின் குரல் மட்டும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் இன்ஸ்டிடியூட் வாசலில் தட்டுவண்டி நின்றது. பரீட்சை வேறொரு பள்ளிக்கூடத்தில் நடக்கும், மிஷின்களை இங்கிருந்துதான் ஏற்றிப் போக வேண்டும். ஒவ்வொரு மிஷினையும் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, எழுதப்போகிறவரின் பெயர்ச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். நான் கடைக்குப் போகிற சாக்கில் அங்கே போய் நின்றேன். பாபியின் மிஷினும் வண்டியில் இருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "எங்க பாப்பா உங்க பாபி? ஹால் டிக்கெட் என்கிட்டதான் இருக்கு. சீக்கிரம் வரச்சொல்லு," என்றார். சரி சார் என்று தலையாட்டினேன். வீட்டுப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். தோல் ஷாப் மதில் ஓரமாக நின்று சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டி போயிருக்கும் என்று தெரிந்த பிறகு வீட்டுக்குள் போனேன்.

ஆறு மாதம் கழித்து வரப்போகிற பரீட்சையைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. பள்ளி ஆபீஸில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. வீட்டுக்காரன் பக்கத்தில் இருந்தால் மனசு ஒரு நிலையில் இருக்கும் என்று பெரியவர்கள் முடிவு செய்து, ராணிப்பேட்டையில் டேனரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தார்கள். நல்லது செய்வதாகத்தான் அவர்களும் நினைத்தார்கள். தோல் வாசனைக்கு மூக்கை மூடுகிறவளை அதன் மடியிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். இதற்கு நடுவில் எனக்கு இந்திப் பரீட்சை முடிவு வந்தது. முதல் வகுப்பு. என் பெயர் அச்சடித்த சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். பின்கட்டுச் சுவரோரம் நின்றால் பாபிக்கு அது நேராகத் தெரியும்.

ஆகஸ்டுக்குப் பிறகு நான் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. அவள்தான் ஒருநாள் கூப்பிட்டாள். நவம்பர் மழை ஆரம்பித்திருந்தது. மறுநாள் அவர்கள் ராணிப்பேட்டைக்குக் கிளம்புகிறார்கள். ஈரத் துணிகளைச் சுவரின் மேல் வைத்துவிட்டு, "இங்க வா பேட்டி" என்றாள். போனேன். மெலிந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜம் சொல்லு. அன்னிக்கு நீதான் சொன்னியா?"

"நான் யார்கிட்டயும் சொல்லல பாபி. ஜெபக்குறிப்புதான் குடுத்தேன்."

"அப்படின்னா?"

"உங்களுக்காக ஜெபிக்கச் சொன்னேன். நீங்க பாஸாகணும்னு."

அவள் என்னையே பார்த்தாள். இப்போது அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருக்கலாம். அவள் கண் கலங்கிவிட்டது. சுவருக்கு மேலாகக் கை நீட்டி என் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக துவா கேட்டியா? பைத்தியம். அதையா இத்தினி நாளா பயந்து ஒளிஞ்சுக்கிட்ட? மூணு மாசமா யோசிச்சேன், யாரு எம் மேல இவ்ளோ கோவமா இருக்காங்கன்னு. கோவமே இல்லையா அது?" உள்ளே திரும்பி, காலாவிடம் உருதுவில் உரக்கச் சொன்னாள். குழந்தை எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொன்னாள். காலாகூட வாசல் வரை வந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். கோபம்தான் பாபி, நீங்கள் என்னைப் பேஜார் என்று சொன்னதற்காகப் பண்ணினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் புடவைத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அதையும் அவள் பாசம் என்றே எடுத்துக்கொண்டாள்.

"போற இடத்துல எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல," என்றாள் என் தலையைத் தடவிக்கொண்டே. "வேற ஒண்ணும் வேணாம் பேட்டி. இனிமேலும் அதே மாதிரி எனக்காக வேண்டிக்கோ."

சரி என்று தலையாட்டினேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வார்டில் பெயர் தெரியாத எத்தனையோ பேருக்காக மனசுக்குள் ஜெபித்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் அவள் பெயர் நாக்கு நுனி வரை வரும். ஒருநாள்கூட அதை என்னால் சொல்ல முடியவில்லை.